42-ன்னு கேட்காதீங்க, 0.063-ன்னு கேளுங்க



சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். கிடார் பிக்கப் சுத்தறதுக்குச் செப்புக் கம்பி வாங்கப் போறவங்க கடையில நம்பர் சொல்லிக் கேட்கக்கூடாது, மில்லிமீட்டர்ல கேட்கணும். அவ்ளோதான் பதிவு. ஆபீஸ்ல ஆணி நிறைய இருக்கறவங்க இத்தோட கிளம்பிடலாம் :-)

மத்தவங்க சௌகரியமா உட்காருங்க. இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். இந்த ஒரு நம்பர் குழப்பத்தால நல்லாச் சுத்தத் தெரிஞ்ச கைங்க "நமக்கு இது வராது"ன்னு ஒதுங்கிப் போறதைப் பார்க்கறேன். கொஞ்சம் கம்பி செலவுல உயிர் பிழைக்க வேண்டிய கிடாருங்க பரண்ல கிடக்கறதையும் பார்க்கறேன். அந்த வயித்தெரிச்சல்ல எழுதற பதிவு இது.

பிக்கப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். எலெக்ட்ரிக் கிடார்ல தந்திகளுக்குக் கீழே பட்டை மாதிரி ஒன்னு இருக்கும் பாருங்க, அதான் பிக்கப். உள்ளே காந்தம், அதைச் சுத்தி முடி மாதிரி மெல்லிசான கம்பி, ஆயிரக்கணக்கான சுத்து. மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் ஆடும், அந்த ஆட்டத்துல கம்பியில மின்னழுத்தம் பிறக்கும். 1831-ல ஃபாரடே கண்டுபிடிச்ச அதே சமாச்சாரம்தான். நம்ம பழைய சைக்கிள் டைனமோவும் இதே ஜாதி. டைனமோவுல காந்தம் சுழலும், இங்கே தந்தி ஆடும். வித்தியாசம் அவ்ளோதான்.

(காதித மாதிரி ஒட்டற பீசோ பிக்கப் வேற கதை. அதுல காயிலே கிடையாது. இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லை.)

ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி கிடார்ல ஒரு பிக்கப்புக்குச் சுமாரா 8000 சுத்து. நீளமாப் போட்டா ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். எடை எவ்ளோன்னு நினைக்கறீங்க? வெறும் 30 கிராம் செம்பு! விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். அந்தத் தூரம் பூரா இந்தக் கம்பியை ஒத்தையா இழுத்துக் கட்டினாலும் செம்பு ஒன்னேகால் கிலோவைத் தாண்டாது. அவ்ளோ மெல்லிசு. அதனாலதான் கம்பி தேர்வுல நூல் பிசகினாலும் மொத்தமும் பிசகுது.

*

இப்ப நம்பர் கதைக்கு வருவோம்.

பிக்கப் சுத்தறதைப் பத்தி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், எந்த வீடியோவைப் பார்த்தாலும், "42 கேஜ் கம்பி"ன்னுதான் வரும். அது அமெரிக்கக்காரங்க கணக்கு, அமெரிக்கன் வயர் கேஜ். 1857-ல பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனிக்காரங்க கொண்டுவந்தது. அந்தக் கணக்குல 42-ன்னா 0.063 மில்லிமீட்டர்.

நம்ம ஊர் வைண்டிங் கடையில புழங்கறது வேற. அது வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன எஸ்டபிள்யூஜி, ஸ்டாண்டர்ட் வயர் கேஜ். பிரிட்டன்ல 1884-லேர்ந்து சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அந்தக் கணக்குல 42-ன்னா 0.102 மில்லிமீட்டர்.

ரெண்டும் 42. ஆனா செம்போட குறுக்குப் பரப்பைப் பார்த்தா நம்ம 42 அவங்க 42-ஐ விட ரெண்டரை மடங்குக்கு மேல. ஒரே பேர்ல ரெண்டு முனுசாமி இருக்கற தெருவுல வீட்டு நம்பர் இல்லாம கடுதாசி போட்ட மாதிரி.

இந்த நம்பர் எல்லாம் எங்கேர்ந்து வந்துதுன்னா, கம்பியை அச்சு வழியா இழுத்து இழுத்து மெல்லிசாக்குவாங்க. எத்தனை தடவை இழுக்கறாங்களோ அதையொட்டி நம்பர். அதனாலதான் நம்பர் ஏற ஏற கம்பி மெலியுது. ஒவ்வொரு நாட்டுக்காரனும் அவனவன் பட்டறைப்படி நம்பர் வச்சான். ஆக, நம்பர்ங்கறது ஒரு பேருதான், அளவு இல்லை. நம்ம நாட்டுல மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்தது 1956-ல. சுத்துக் கம்பிக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 13730 கூட மில்லிமீட்டர்லதான் பேசுது. ஆனா கடைப் பேச்சு இன்னும் மாறலை.

ஒரு சின்ன அட்டவணை. பர்ஸ்ல எழுதி வச்சுக்குங்க.

அமெரிக்க 42 – 0.063 மி.மீ.
அமெரிக்க 43 – 0.056 மி.மீ.
நம்ம 42 – 0.102 மி.மீ.
நம்ம 45 – 0.071 மி.மீ.
நம்ம 46 – 0.061 மி.மீ.
நம்ம 47 – 0.051 மி.மீ.

அமெரிக்க 42-க்கு நம்ம கணக்குல நெருங்கின சொந்தக்காரர் 46. அதுவும் அச்சு அசல் கிடையாது, ஒரு முடி மெல்லிசு. ஆனா மில்லிமீட்டர் வரிசையில 0.063, 0.056 ரெண்டுமே முறையான அளவுங்க. அதாவது நீங்க மில்லிமீட்டர்ல கேட்டா நேரா வேணுங்கறதே கிடைக்கும், தோராயம் தேவையில்லை.

*

திண்டிவனத்துல ஒரு தம்பி இருக்கார். காலேஜ் படிக்கிறார், ஞாயித்துக்கிழமை சர்ச்ல கிடார் வாசிக்கிறார். கிடார் யாரோ குடுத்த பழசு. அதுல ஒரு பிக்கப் செத்துப்போச்சு. சென்னையில ஒரு கடையில காட்டினதுக்கு, "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராது, புதுசு வாங்கிக்குங்க"ன்னுட்டாங்க. தம்பி விடலை. தானே சுத்தறதுன்னு இறங்கிட்டார்.

படிச்சதுல 42-ன்னு இருந்துது. கடையில 42-ன்னு கேட்டார். கடைக்காரரும் 42-ஐக் குடுத்தார். யார் மேல தப்பு சொல்லுவீங்க? ரெண்டு ராத்திரி உட்கார்ந்து சுத்தியிருக்கார். சுமாரா 3000 சுத்துலயே பாபின் ரொம்பிடுச்சு. மீட்டர் வச்சா 900 ஓம் சொச்சம். இருக்க வேண்டியது கிட்டத்தட்ட 6000. கிடார்ல மாட்டினா சத்தம் கிணத்துக்குள்ளேர்ந்து யாரோ கூப்பிடற மாதிரி.

என்கிட்ட வந்து அவர் சொன்ன வார்த்தைதான் என்னை இந்தப் பதிவை எழுத வச்சுது. "கை சரியில்லண்ணா. நமக்கு வராது போல."

எனக்கு ஆத்திரமா வந்துது. கை சரியில்லையா? மூவாயிரம் சுத்து அறுக்காம, வரிசை கலையாம சுத்தின கை அது! சுத்துக்குச் சுத்துதான் மின்னழுத்தம். எட்டாயிரம் போக வேண்டிய இடத்துல மூவாயிரம்தான் போச்சுன்னா சத்தம் பாதியைக் கூட எட்டாது. அது கணக்கு, கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

அவரைக் கூட்டிக்கிட்டு எனக்குத் தெரிஞ்ச மோட்டார் காயில் கட்டற அண்ணன் கடைக்குப் போனேன். எங்க பக்கம் இந்தக் கடைங்களுக்குப் பஞ்சமே இல்லை. கரும்பு, நெல்லு, மணிலா, எல்லாத்துக்கும் போர் தண்ணிதான். வோல்டேஜ் இறங்கினா மோட்டார் எரியும், எரிஞ்சா அண்ணனுங்க கடைக்கு வரும். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் சிரிச்சுட்டார்.

"ஏன் தம்பி, 42-ன்னு கேட்டா 42-ஐத்தான் குடுப்பாங்க. நீ கேக்கறது எந்த ஊரு 42-ன்னு கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்? என்ன சைஸ்னு எம்எம்ல சொல்லு, நான் வரவழைச்சுத் தரேன்."

ஒரே வாக்கியம். எவ்வளவோ பக்கம் படிச்சும் கிடைக்காத பதில் அங்கே கிடைச்சுது. அண்ணன் கடையில புழங்கற கம்பியில மெல்லிசானது ஃபேன் காயிலுக்குப் போடறது, சுமார் 0.2 மில்லிமீட்டர். நம்மது அதுல மூணுல ஒரு பங்கு. அதனால கடையில கையிருப்பு இருக்காது. ஆனா அவருக்குச் சப்ளை பண்றவங்க மூலமா வரவழைக்க முடியும். சொல்ல வேண்டியது அளவும், மேல் பூச்சு என்ன ரகம்ங்கறதும்தான்.

*

மேல் பூச்சுன்னதும் அடுத்த மூடநம்பிக்கைக்கு வந்துடறேன்.

இந்தக் கம்பி வெறும் செம்பு இல்லை, மேல எனாமல் பூச்சு இருக்கும். இல்லேன்னா சுத்துக்குச் சுத்து ஒட்டி ஷார்ட் ஆகிடும். கிடார் உலகத்துல இந்தப் பூச்சைப் பத்திப் பேசறவங்க பேச்சைக் கேட்டா, ஏதோ சித்த வைத்தியர் மூலிகை சொல்ற மாதிரி இருக்கும். பழுப்புப் பூச்சுக்கு ஒரு ஓசையாம், பொன்னிறப் பூச்சுக்கு வேற ஓசையாம்!

வரலாறு இதுதான். ஃபென்டர் கம்பெனி 50-கள்ல ஸ்ட்ராட்டோகாஸ்டருக்குப் போட்டது ஃபார்ம்வார்ங்கற பூச்சு, கொஞ்சம் தடிமன். 1964 வாக்கில் சாதா எனாமலுக்கு மாறினாங்க. கிப்ஸன் கம்பெனியில சேத் லவர்ங்கற எஞ்சினியர் ஹம்பக்கருக்கு 1955-ல காப்புரிமை கேட்டு மனு போட்டார், 1959-ல கிடைச்சுது. அந்த இடைவெளியில "காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்"னு ஸ்டிக்கர் ஒட்டி வந்த பிக்கப்புங்கதான் இன்னிக்கு லட்சக்கணக்குல விலை போகுது. அதுல ஒன்னு மாதிரி ஒன்னு இருக்காது. சுத்து எண்ணிக்கையே பிக்கப்புக்குப் பிக்கப் மாறும். அந்தக் கம்பி அன்னிக்கு மந்திரக் கம்பி இல்லை, தொழிற்சாலைக்கு வழக்கமா வந்த சரக்கு. அறுபது எழுபது வருஷம் கழிச்சு நாமதான் அதுக்கு மாலை போட்டு சூடம் காட்டறோம்.

அப்போ பூச்சால வித்தியாசமே இல்லையான்னா, இருக்கு. ஆனா நிறத்தால இல்லை, தடிமனால. மெல்லிய பூச்சோட கம்பியோட மொத்தக் கனம் சுமார் 0.07, கனத்த பூச்சோட சுமார் 0.08. இதனால ஒரே பாபின்ல எத்தனை சுத்து பிடிக்கும்ங்கறது மாறும், சுத்துகளுக்கு நடுவுல இருக்கற கெப்பாசிட்டன்ஸ் மாறும். அது உச்ச ஸ்தாயியைக் கொஞ்சம் தொடும்.

எவ்ளோ கொஞ்சம்? ஒரு காயிலோட சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் நூறு பைக்கோஃபேரட் சுத்துவட்டாரம். கிடார்லேர்ந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போற கேபிள் இருக்கே, அது மீட்டருக்கே சுமார் நூறு. அஞ்சு மீட்டர் கேபிள்னா ஐநூறு. ரெண்டும் ஒன்னாச் சேர்ந்துதான் ஓசையைத் தீர்மானிக்குது. பூச்சு வித்தியாசத்துல மாறறது அந்த நூறுல ஒரு பங்கு. கேபிளை ரெண்டு மீட்டர் குறைச்சா மாறறது முழுசா இருநூறு! அதனால "விண்டேஜ் கம்பி"ன்னு வெளிநாட்டுலேர்ந்து கப்பல் செலவும் சுங்கமும் கட்டி வரவழைக்கற முன்னாடி, அய்யா சாமி, முதல்ல கேபிளைக் குட்டையாக்கிப் பாருங்க.

பூச்சுல நமக்கு உண்மையாவே முக்கியமான விஷயம் ஒன்னு இருக்கு. அதை யாரும் பேசறதில்லை. சால்டர் ஆகுமா ஆகாதா?

மோட்டார் கம்பிக்கு உசத்தியான பூச்சுன்னா சூடு தாங்கற பூச்சு. பாலியஸ்டர்-இமைடு ரகம், 180 டிகிரி, 200 டிகிரி தாங்கும். மோட்டாருக்கு அது அவசியம். ஆனா பிக்கப் எந்தக் காலத்துலயும் சூடாகப் போறதில்லை. அந்த உசத்திப் பூச்சு சால்டரிங் அயர்னுக்கு உருகாது, சுரண்டித்தான் எடுக்கணும். 0.2 மில்லிமீட்டர் கம்பியைச் சுரண்டலாம். 0.063-ஐச் சுரண்டினா பூச்சோட கம்பியும் போயிடும். நமக்கு வேண்டியது பாலியூரித்தேன் பூச்சு. அயர்னை நல்லா சூடாக்கி, 390 டிகிரி கிட்ட, ஈயத்தோட தொட்டா பூச்சு தானா விலகி சால்டர் பிடிச்சுக்கும். கடையில "சால்டர் ஆகற எனாமல்"னு கேளுங்க. கடைக்காரர் நல்லெண்ணத்துல, "அதை விட இது உசத்தி, எரியவே எரியாது"ன்னு வேற எதையாவது நீட்டுவார். வேணாம்னு சொல்லிடுங்க. அவர் உசத்தி வேற, நம்ம உசத்தி வேற.

*

அடுத்தது ஓம் வெறி.

கிடார் பசங்க ரெண்டு பேர் சந்திச்சா, "உன் பிக்கப் எத்தனை கே?"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அதிக ஓம் இருந்தா அதிக சத்தம்னு ஒரு நினைப்பு. கம்பி அளவு சொல்லாம ஓம் மட்டும் சொல்றது, வண்டி எதுன்னு சொல்லாம எத்தனை லிட்டர் பெட்ரோல் போட்டேன்னு சொல்ற மாதிரி. அதே 8000 சுத்தை 0.063-க்குப் பதிலா 0.056-ல சுத்துங்க. ஓம் கால் பங்கு கூடிடும். சத்தம்? கிட்டத்தட்ட அதேதான். சத்தத்தைத் தர்றது சுத்தும் காந்தமும், ஓம் இல்லை. மெல்லிய கம்பி உபயோகமே இல்லைன்னு சொல்லலை. இடம் குறைச்சலான பாபின்ல நிறைய சுத்து வேணும்னா அதுதான் வழி. டெலிகாஸ்டர் கழுத்துப் பக்கப் பிக்கப் சின்னது, அதனால அதுல அமெரிக்க 43 போட்டாங்க.

ஆனா ஓம் ஒரு நல்ல வேலைக்கு ஆகும். நீங்க வாங்கின கம்பி நிஜமாவே நீங்க கேட்ட கம்பிதானான்னு கண்டுபிடிக்க. ஸ்க்ரூ கேஜ் வச்சு இவ்ளோ மெல்லிசை நம்பி அளக்க முடியாது. பட்டறையில சாதாரணமா இருக்கற ஸ்க்ரூ கேஜ் 0.01 வரைக்கும்தான் காட்டும், பூச்சையும் சேர்த்து அளக்கும். அதை விடச் சுலபமான வழி: டேப் வச்சு சரியா 10 மீட்டர் கம்பி அளந்து, ரெண்டு முனையிலயும் சால்டர் வச்சு, சாதா மல்டிமீட்டர்ல ஓம் பாருங்க. 20 டிகிரி வெப்பநிலையில கணக்கு இப்படி வரும்:

0.063 – சுமார் 55 ஓம்
0.061 – சுமார் 59 ஓம்
0.056 – சுமார் 70 ஓம்
0.102 (நம்ம 42) – சுமார் 21 ஓம்

80 ஓமுக்கு மேல காட்டினா உஷார். 0.063-ன்னு சொல்லி இன்னும் மெல்லிசைக் குடுத்திருக்கலாம், இல்லேன்னா மேலே செம்பு பூசி உள்ளே அலுமினியம் வச்ச கம்பியா இருக்கலாம். பார்க்க செம்பு மாதிரியே இருக்கும். எடையில லேசு, ஓமுல கூடுதல். கிலோ கணக்குல வாங்கற சரக்கு, கவனமா இருங்க.

இதுல நம்ம ஊருக்கே உரிய சிக்கல் ஒன்னு. 20 டிகிரியை விழுப்புரத்துல எங்கே போய்த் தேடறது? மார்கழி விடியக்காலையில கிடைச்சா உண்டு :-) செம்போட ஓம் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். 35 டிகிரியில அளந்தீங்கன்னா ஏறக்குறைய 6 சதவீதம் கூடக் காட்டும். அதாவது நல்ல 0.063 கம்பியே 58, 59-ன்னு காட்டி, 0.061 மாதிரி வேஷம் போடும். அப்புறம் கடைக்காரரோட அநியாயமா சண்டைக்குப் போவீங்க. அதனால மீட்டர் பக்கத்துல ஒரு தெர்மாமீட்டரும் வச்சுக்குங்க. 20-க்கு மேல எத்தனை டிகிரியோ அத்தனைக்கும் 0.39 சதவீதம் கழிச்சுட்டுப் பாருங்க.

நம்ம திண்டிவனம் தம்பி புதுக் கம்பி வந்ததும் மறுபடி சுத்தினார். மே மாசம், கத்திரி வெயில். முடிச்சதும் போன் பண்றார், "அண்ணா, 6.2 காட்டுது, 5.8 தானே வரணும்?"னு பதறிக்கிட்டு. ரூம்ல எத்தனை டிகிரின்னு கேட்டேன். 38. கணக்குப் போட்டா சரியா 5.8-ல வந்து உட்கார்ந்துது. அந்தப் பிக்கப்தான் இப்ப ஞாயித்துக்கிழமை தவறாம பாடிக்கிட்டு இருக்கு. கை சரியில்லாத கையா அது?

*

வாங்கும்போது பார்க்க வேண்டியது இன்னும் சிலது இருக்கு. சுருக்கமா சொல்லிடறேன்.

1. ஸ்பூல் சின்னதா வாங்குங்க. கால் கிலோ ஸ்பூல்ல எட்டு பிக்கப் சுத்தலாம். மெல்லிய கம்பி கிலோ விலையில தடிக் கம்பியை விடக் கூடுதல்தான், ஆனா நமக்கு வேண்டிய எடை ரொம்பக் குறைச்சல்.

2. ஸ்பூலோட விளிம்பு உடைஞ்சிருந்தா, நசுங்கியிருந்தா வேணாம். கம்பி உருவும்போது அந்த இடத்துல சிக்கி அறுக்கும். சுத்தும்போது ஸ்பூலை நிக்க வச்சு, கம்பியை மேல்வாக்குல உருவுங்க. ஸ்பூலையே உருள விட்டா அதோட எடையைக் கம்பி தாங்காது.

3. இந்தக் கம்பியில 70, 80 கிராம் எடை தொங்கவிட்டாலே அறுந்துடும். அறுக்காட்டியும் இழுவை அதிகமானா நீளும், நீண்டா மெலியும், ஓம் ஏறும். இழுவை 25, 30 கிராமுக்குள்ள இருக்கட்டும்.

4. பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் பிரிச்சு எடுத்த கம்பி வேணாம். ஒரு தடவை வளைஞ்சு நிமிர்ந்த பூச்சுல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். எட்டாயிரம் சுத்துல எங்கே ஷார்ட்னு எப்படித் தேடுவீங்க?

5. கையைத் துடைச்சுக்கிட்டு சுத்துங்க. நம்ம வேர்வையில உப்பு இருக்கு. மரக்காணம் உப்பளத்துக் காத்து வேற பக்கத்துலயே. இவ்ளோ மெல்லிய செம்புல களிம்பு பிடிச்சா கம்பியே அரிச்சுப் போகும். பழைய பிக்கப்புங்க நிறைய சாகறது இப்படித்தான். சுத்தி முடிச்சதும் பாரஃபின் மெழுகுல கொஞ்சம் தேன்மெழுகு கலந்து, 65 டிகிரி கிட்ட உருக்கி, காயிலை முக்கி எடுத்தா ஈரமும் அண்டாது, கீச்சுச் சத்தமும் வராது.

*

இப்ப என் கருத்தோட மிச்சப் பாதி.

நம்ம ஊர்ல பிக்கப் செத்த கிடாரைப் பரண்ல போடறாங்க, இல்லேன்னா முழுசா புது பிக்கப் வரவழைக்கறாங்க. காரணம் கேட்டா, "இங்கே அதெல்லாம் தெரிஞ்ச ஆள் இல்லை"ம்பாங்க. இதை நான் ஒத்துக்கறதில்லை. நெடுஞ்சாலைப் பக்கம், சந்தைப் பக்கம், தாலுகா ஆபீஸ் பக்கம்னு எத்தனை வைண்டிங் கடை! அங்கே உட்கார்ந்திருக்கறவங்களுக்கு எனாமல் கம்பியைப் பத்தித் தெரியாதது ரொம்பக் கம்மி. எரிஞ்ச வாசனையிலயே என்ன பழுதுன்னு சொல்றவங்க. அவங்ககிட்ட இல்லாதது கிடார் பத்தின நாலு தகவல்தான்: எந்த அளவு கம்பி, எத்தனை சுத்து, என்ன பூச்சு, எவ்ளோ இழுவை. நம்மகிட்ட இல்லாதது அவங்க கை. ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லை. பேச வாயெடுத்தாலும் நாம "42"ன்னு ஆரம்பிச்சு முதல் வார்த்தையிலேயே கெடுத்துடறோம்.

"இது பொழுதுபோக்குதானே, எதுக்கு இவ்ளோ அலட்டல்?"னு ஒரு நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்றேன். ஆரோவில் பக்கம், பாண்டிச்சேரி பக்கம், சர்ச்சுங்கள்ல, கல்யாணக் கச்சேரிகள்ல எங்க வட்டாரத்துல கிடார் நிறைய இருக்கு. எல்லாரும் காசுக்காரங்க இல்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸை நினைச்சுப் பாருங்க. 1969-லேர்ந்து 2014 வரைக்கும் 45 வருஷம்தான் இருந்தார். அதுக்குள்ள எலெக்ட்ரிக் மாண்டலினைக் கர்னாடக சங்கீத மேடையில உட்கார வச்சுட்டார். அந்தச் சின்ன வாத்தியத்தோட கமகத்தை நம்ம காதுக்குக் கொண்டுவந்து சேர்த்தது பிக்கப்தான். இசைக்கும் கேட்கறவங்களுக்கும் நடுவுல இருக்கற அந்த 30 கிராம் செம்பை நாமே சுத்தத் தெரிஞ்சிருந்தா, வாத்தியம் வாசிக்கறவங்க யாரும் கடைக்காரர் சொன்ன "பார்ட்ஸ் வராது"ங்கற வார்த்தைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

அதனால வைண்டிங் கடைக்குப் போங்க. "அண்ணே, 0.063 எம்எம், சால்டர் ஆகற எனாமல், கால் கிலோ ஸ்பூல்"னு கேளுங்க. இன்னிக்கு இருக்காது. வரவழைச்சுத் தரச் சொல்லுங்க. வந்ததும் அவர் முன்னாடியே பத்து மீட்டர் அளந்து ஓம் பாருங்க, அவருக்கும் காட்டுங்க. அடுத்த தடவை வேற யாராவது கிடாரைத் தூக்கிக்கிட்டு வந்தா அவரே சொல்லிடுவார்.

டிஸ்கி 1: வீணைக்கு இதே மாதிரி சுத்தலாமான்னு கேட்கப் போறவங்களுக்கு: எஃகுத் தந்திக்கு வேலை செய்யும், பித்தளைத் தந்திக்குச் செய்யாது. பித்தளை காந்தத்தோட பேசாது.

டிஸ்கி 2: அண்ணன் கடை விலாசம் கேட்டுப் பின்னூட்டம் போடாதீங்க. உங்க தெருவுலயே ஒரு அண்ணன் இருப்பார், போய்ப் பாருங்க :-)